ஆகஸ்ட் மாதப் பட்டியலும் இருபது வயது முழங்காலும்

ஆகஸ்ட் மாதம் வந்தால் அமெரிக்காவில் வருஷா வருஷம் ஒரு கூத்து நடக்கும் மக்களே.

காலேஜ் ஃபுட்பால் சீசன் தொடங்க இன்னும் ரெண்டு மூணு வாரம் இருக்கும். அதற்குள் "இந்த வருஷத்தின் டாப் 100 வீரர்கள்" என்று பட்டியல் மேல் பட்டியலாக வந்து விழும். டிவிக்காரர்கள் ஒன்று போடுவார்கள். பத்திரிகைக்காரர்கள் ஒன்று போடுவார்கள். ஹைஸ்மன் கோப்பை யாருக்கு என்று தனியாக ஒன்று. அடுத்த ஏப்ரலில் நடக்கப்போகும் என்எஃப்எல் டிராஃப்ட்டில் யார் முதல் ஆளாகப் போவார் என்று இன்னொன்று.

இத்தனைக்கும் ஒரு பந்து கூட இன்னும் வீசப்பட்டிருக்காது.

இந்தப் பட்டியல்களை ஒன்று விடாமல் படிக்கிற ஆள் நான். "டாக்டர், உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று இங்கேயே சிலர் கேட்டிருக்கீங்க. பதில் சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதலில் ஒரு விளக்கம். இது மெஸ்ஸி ஆடுகிற கால்பந்து இல்லை. ஹெல்மெட், தோள்பட்டைக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். அதிலும் நான் சொல்வது தொழில்முறை ஆட்டம் இல்லை, கல்லூரிப் பையன்கள் ஆடுவது. கல்லூரி ஆட்டம்தானே என்று லேசாக நினைச்சுடாதீங்க. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தின் அதிகாரபூர்வக் கொள்ளளவு 1,07,601 பேர். சனிக்கிழமைகளில் அது நிரம்பி வழியும்.

பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாமல் எந்தப் பையனும் என்எஃப்எல்லுக்குப் போக முடியாது. ஆகவே 18 வயதிலிருந்து 21 வரை கல்லூரியில் ஆடியே தீர வேண்டும். அதற்குப் பிறகு டிராஃப்ட். ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. போன வருடம் மோசமாக ஆடிய அணி முதலில் ஒரு பையனைத் தேர்ந்தெடுக்கும், அடுத்து அதற்கு மேல் உள்ள அணி. இப்படி 32 அணிகள், ஏழு சுற்று. எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறாய் என்பதைப் பொறுத்துத்தான் முதல் நான்கு வருடச் சம்பளம். 2020 டிராஃப்ட்டில் முதல் ஆளுக்கு ஏறக்குறைய 3.6 கோடி டாலர். ஐந்தாவது ஆளுக்கு ஏறக்குறைய 3 கோடி டாலர். நாலு இடம் கீழே இறங்கினால் 60 லட்சம் டாலர் போச்சு.

இப்போ புரியுதா, அந்த நம்பர் ஏன் வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று?

நான் எலும்பு மூட்டு மருத்துவன். விளையாட்டுக் காயங்களில் மேற்பயிற்சிக்காக அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு கல்லூரி ஊரில் ஒரு வருடம் இருந்தேன். அந்த ஊரில் சனிக்கிழமை என்றால் ஆட்டம், திங்கட்கிழமை என்றால் எங்கள் கிளினிக். சனிக்கிழமை டிவியில் பார்த்த முழங்காலைத் திங்கட்கிழமை கையால் தொட்டுப் பார்ப்போம். அந்தப் பழக்கம்தான் என்னை இந்தப் பட்டியல்கள் பக்கம் இழுத்தது.

பட்டியல் எப்படித் தயாராகிறது? போன வருட ஆட்டக் கணக்கை எடுப்பார்கள். எத்தனை கெஜம் ஓடினான், எத்தனை டச்டவுன் என்று. ஆட்ட வீடியோவைப் பார்ப்பார்கள். உயரம், எடை, வேகம். பள்ளியில் படிக்கும்போதே எத்தனை நட்சத்திரம் வாங்கினான் என்பதும் சேரும், ஐந்து நட்சத்திரப் பையன் என்றால் அந்தப் பெயர் கடைசிவரை கூடவே வரும். உழைக்காமல் போடுகிறார்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். நல்ல பட்டியல் ஒன்றின் பின்னால் நூற்றுக்கணக்கான மணி நேர வீடியோ இருக்கும்.

ஆனால் அந்தப் பையனின் உடம்பைப் பற்றி அதில் என்ன இருக்கும் தெரியுமா? உயரம், எடை. முடிஞ்சது. மூட்டில் என்ன நடந்திருக்கிறது, எத்தனை மாதம் முன்னால் ஆபரேஷன், எந்தக் கால், எதுவும் இருக்காது. அதிகம் போனால் "காயத்திலிருந்து மீண்டு வருகிறார்" என்று ஒரு வரி.

2019 ஆகஸ்டை எடுத்துக்குவோம். இந்த விஷயத்துக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அந்த ஆகஸ்டில் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் மேலே நின்ற பெயர்களில் ஒன்று டுவா டாகோவைலோவா. அலபாமா அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர். முந்தைய வருடம் ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். 2018 ஜனவரியில் தேசிய இறுதிப் போட்டியில் இடைவேளைக்குப் பிறகு மாற்று ஆளாக உள்ளே வந்து, கூடுதல் நேரத்தில் 41 கெஜம் வீசி ஆட்டத்தை முடித்த பையன். 2020 டிராஃப்ட்டின் முதல் ஆள் இவர்தான் என்று பேச்சு. இவர் கிடைக்கணும்னா வேண்டுமென்றே தோற்றாலும் பரவாயில்லை என்று மியாமி அணியின் ரசிகர்கள் பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதே ஆகஸ்டில் லூசியானாவில் ஜோ பர்ரோ என்று ஒருத்தர். ஒஹையோ ஸ்டேட் அணியில் இருந்தவர். 2017 ஆகஸ்டில் பயிற்சியின்போது பந்து வீசும் கையில் எலும்பு முறிந்தது, இடம் வேறொருவருக்குப் போனது, 2018இல் எல்எஸ்யூ கல்லூரிக்கு மாறினார். அந்த வருடம் 16 டச்டவுன் வீச்சு. மோசமில்லை, அவ்வளவுதான். பெரிய பட்டியல்களின் மேல் வரிசையில் இவர் பெயரைத் தேடினால் கிடைக்காது.

என்ன ஆச்சு?

பர்ரோ அந்த சீசனில் 60 டச்டவுன் வீசினார். 5,671 கெஜம். ஹைஸ்மன் வாங்கினார். அணி 15 ஆட்டமும் ஜெயித்துத் தேசியக் கோப்பையை எடுத்தது. ஏப்ரலில் முதல் ஆளாகப் போனதும் அவரே.

டுவாவுக்கு அக்டோபரில் கணுக்காலில் ஒரு காயம். ஆபரேஷன். மூன்று வாரத்தில் திரும்பி வந்து நவம்பர் 9 அன்று பர்ரோவின் அணிக்கு எதிராக ஆடி 46-41 என்று தோற்றார். ஒரு வாரம் கழித்து, நவம்பர் 16, மிசிசிப்பி ஸ்டேட் அணியோடு ஆட்டம். அலபாமா 35-7 என்று முன்னால் நிற்கிறது. இடைவேளைக்கு இன்னும் சில நிமிடங்கள்தான். இதுதான் அவருக்கு அன்றைய கடைசிச் சுற்று, இதோடு வெளியே எடுத்துவிடலாம் என்று பயிற்சியாளர் முடிவு செய்திருந்தார். அந்தச் சுற்றில்தான் இரண்டு பேர் பின்னாலிருந்து மேலே விழுந்தார்கள். முழங்கால் தரையில் இடித்தது. வலது இடுப்பு மூட்டு பின்பக்கமாகக் கழன்றது. மூட்டுக் கிண்ணத்தின் பின்சுவரும் உடைந்தது.

இங்கே கொஞ்சம் நின்னு விளக்கிடறேன்.

இடுப்பு மூட்டு என்பது குழிக்கரண்டிக்குள் உட்கார்ந்த எலுமிச்சம்பழம் மாதிரி. தொடை எலும்பின் உருண்டையான தலை, கிண்ணம் மாதிரியான குழிக்குள் உட்கார்ந்திருக்கும். உடம்பிலேயே கெட்டியான மூட்டுகளில் ஒன்று. லேசில் கழலாது. நாங்கள் இதை எங்கே பார்ப்போம் தெரியுமா? கார் விபத்தில். முன் சீட்டில் இருப்பவரின் முழங்கால் டாஷ்போர்டில் மோதி, அந்த அடி தொடை எலும்பு வழியாகவே ஏறி, தலையைக் கிண்ணத்துக்கு வெளியே தள்ளிவிடும். நெடுஞ்சாலை ஓரத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த எந்த எலும்பு டாக்டருக்கும் இது தெரிந்த காயம். ஒரு 21 வயதுப் பையனுக்குப் புல்தரையில் விளையாடும்போது அதே காயம் என்றால், அந்த ஆட்டத்தில் எவ்வளவு விசை புழங்குகிறது என்று பார்த்துக்குங்க.

கழன்ற மூட்டை எவ்வளவு சீக்கிரம் திருப்பிப் பொருத்துகிறோமோ அவ்வளவு நல்லது. ஆறு மணி நேரத்துக்குள் என்பது எங்கள் பாடப்புத்தகக் கணக்கு. ஏனென்றால் அந்த உருண்டைத் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மெல்லியவை. மூட்டு கழன்றால் அவை இழுபட்டு முறுக்கிக்கொள்ளும். ரத்தம் போகாத எலும்பு மெல்ல மெல்லச் செத்து, மாதங்கள் கழித்து உள்வாங்கி நொறுங்கும். அவாஸ்குலர் நெக்ரோசிஸ் என்போம்.

இது கற்பனைப் பயம் இல்லை. 1985 ஹைஸ்மன் வென்ற போ ஜாக்சனின் கதை இதுதான். 1991 ஜனவரியில் ஒரு சாதாரணப் பிடியில் இடுப்பில் அடி. அதன் பிறகு அவர் ஃபுட்பால் ஆடவே இல்லை. எலும்பு செத்தது. செயற்கை இடுப்பு மூட்டு வைத்தார்கள். அந்த மூட்டோடு 1993இல் பேஸ்பால் ஆடத் திரும்பி, முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தார் மனுஷன். அதை இன்றைக்கும் யூடியூபில் பார்ப்பேன். ஒரு எலும்பு டாக்டருக்கு அது பக்திப் படம் மாதிரி.

டுவாவுக்கு மூட்டை உடனே பொருத்தினார்கள். இரண்டே நாளில், திங்கட்கிழமை காலை, ஹூஸ்டனில் ஆபரேஷன். எலும்பு பிழைத்தது. டிராஃப்ட்டில் ஐந்தாவது ஆளாகப் போனார், அதே மியாமிக்கு. 2020 நவம்பர் 1 அன்று தொழில்முறை ஆட்டத்தில் முதல் முறையாகத் தொடக்க வீரராக இறங்கினார்.

அதற்கு மூன்று வாரம் கழித்து, நவம்பர் 22 அன்று, முதல் ஆளாகப் போன பர்ரோவின் இடது முழங்காலில் ஏசிஎல் கிழிந்தது.

"பட்டியல் தப்பாப் போச்சு" என்று கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. 2019 ஆகஸ்டில் என்னிடம் கேட்டிருந்தாலும் நானும் டுவா என்றுதான் சொல்லியிருப்பேன். என் பிரச்சினை வேறு. ஒருவருக்கு 7, இன்னொருவருக்கு 8 என்று நம்பர் போடும்போது, ஏதோ அளந்து பார்த்துப் போட்ட மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. என் நோயாளி ஒருவரிடம் "உங்க முழங்கால் இந்த வார்டிலேயே ஏழாவது நல்ல முழங்கால்" என்று நான் சொன்னால் சிரிப்பீங்க. "பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இத்தனை மாதத்தில் ஓடத் தொடங்குவார்கள், நீங்க எந்தப் பக்கம் என்று இப்போ சொல்ல முடியாது" என்பதுதான் எங்களால் சொல்ல முடிந்தது. கேட்பவருக்கு அது பிடிக்காது. நம்பர்தான் பிடிக்கும்.

இன்னொரு விஷயம். எங்கள் தொழிலில் மாதா மாதம் ஒரு கூட்டம் உண்டு. இறந்துபோன நோயாளிகள், எதிர்பாராமல் மோசமான நோயாளிகள், எல்லாருடைய கேஸ் ஷீட்டையும் மேஜையில் விரித்து வைத்து, எங்கே கணிப்பு பிசகியது என்று ஜூனியர் முன்னாலேயே சீனியரைக் கேள்வி கேட்பார்கள். கசப்பான மத்தியானங்கள் அவை. ஆகஸ்டுப் பட்டியல் போட்டவர்கள் ஜனவரியில் அதை எடுத்து வைத்துக்கொண்டு அப்படி உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அடுத்த ஆகஸ்டில் புதுப் பட்டியல் வந்துவிடும்.

சரி, பணத்துக்கு வருவோம். பலருக்குத் தெரியாத பகுதி இதுதான்.

2021 ஜூலை 1 வரைக்கும் இந்தப் பையன்கள் தங்கள் பெயரை வைத்து ஒரு டாலர் கூடச் சம்பாதிக்க முடியாது. கல்லூரி உதவித்தொகை உண்டு, படிப்பு, தங்குமிடம், சாப்பாடு உண்டு. லட்சம் பேர் டிக்கெட் வாங்கி வந்து பார்ப்பார்கள், பயிற்சியாளருக்குக் கோடிகளில் சம்பளம், ஆடுகிற பையனுக்குக் கையில் ஒன்றும் கிடையாது. பட்டியலில் மேலே இருப்பவனுக்கு இன்னும் எட்டே மாதத்தில் கோடிகள். ஆனால் அதற்கு நடுவில் பன்னிரண்டு பதின்மூன்று ஆட்டம். ஒரு முழங்கால் போதும்.

அதற்குத்தான் இன்சூரன்ஸ். 1990இலேயே என்சிஏஏ இதற்கு ஒரு திட்டம் தொடங்கியது: இனி ஆடவே முடியாது என்ற நிலை வந்தால் பணம். பிறகு இன்னொரு வகையும் வந்தது: காயத்தால் டிராஃப்ட்டில் கீழே இறங்கினால், இறங்கிய அளவுக்கு ஈடு. இந்த இரண்டாவது வகைக்கு ஒரு கேள்வி எழும் இல்லையா? எங்கிருந்து இறங்கினான்? அதாவது காயம் படாமல் இருந்திருந்தால் எத்தனையாவது ஆளாகப் போயிருப்பான்? அதை யார் சொல்வது?

ஆமாம். நிபுணர்கள் சீசனுக்கு முன்னால் போட்ட கணிப்புதான். அதை வைத்துத்தான் பாலிசித் தொகை, பிரீமியம் எல்லாம். எவனோ பொழுதுபோகாமல் போட்டது என்று நாம் ஸ்க்ரோல் செய்து தள்ளும் அந்த மாதிரிக் கணிப்பு, ஒரு பையனின் காலுக்கு விலைச்சீட்டு.

ஜேலன் ஸ்மித் என்று நோட்ர டேம் அணியின் லைன்பேக்கர். 2015இல் நாட்டின் தலைசிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது வாங்கியவர். முதல் ஐந்துக்குள் போவார் என்று பேச்சு. 2016 ஜனவரி 1, கல்லூரியில் அவருடைய கடைசி ஆட்டம். அந்த ஆட்டத்தின் முதல் கால் பகுதியில் இடது முழங்கால் பிசகியது. ஏசிஎல், வெளிப்பக்க ஜவ்வு இரண்டும் கிழிந்தன. ஜவ்வை நாங்கள் தைத்துவிடுவோம், புதுசாகச் செய்தும் விடுவோம். அவருக்கு வந்த பெரிய தொல்லை நரம்பில்.

உங்க முழங்காலின் வெளிப்பக்கம் கொஞ்சம் கீழே தொட்டுப் பாருங்க. சின்னதாக ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதற்குக் கீழே, கிட்டத்தட்டத் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு சுற்றிக்கொண்டு போகிறது. பெரோனியல் நரம்பு. பாதத்தை மேலே தூக்குவது அதன் வேலை. அது போனால் நடக்கும்போது பாதம் தொங்கி, கட்டைவிரல் தரையில் இடறும். முழங்காலின் வெளிப்பக்க ஜவ்வு கிழியும்போது இந்த நரம்பும் கூடவே இழுபடும்.

நரம்பு திரும்ப வளரும். எவ்வளவு வேகத்தில்? ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். எந்த மாத்திரையாலும் எந்தக் கோடீஸ்வர அணியாலும் அதை இரண்டு மில்லிமீட்டர் ஆக்க முடியாது. அது தசைக்குப் போய்ச் சேர்வதற்குள் தசை சோர்ந்துவிடக்கூடாது. ஒன்றரை வருடத்துக்கு மேல் நரம்பில்லாமல் கிடந்த தசை பெரும்பாலும் திரும்புவதில்லை. உட்கார்ந்து காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

டிராஃப்ட்டில் அவர் 34ஆவது ஆளாகப் போனார். ஐந்தாம் இடத்துச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடத் தேறாது. எடுத்தது டாலஸ் அணி. அவருக்கு முழங்கால் ஆபரேஷன் செய்ததே அந்த அணியின் மருத்துவர்தான். மற்றவர்கள் எல்லாம் எம்ஆர்ஐ படத்தைப் பார்த்துப் பயந்தார்கள், இவர் அந்த நரம்பைக் கண்ணால் பார்த்திருந்தார். இன்சூரன்ஸில் சுமார் 9 லட்சம் டாலர் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. 2016 முழுக்க ஆடவில்லை. 2017இல் பாதத்தைத் தாங்கும் பிரேஸ் மாட்டிக்கொண்டு ஆடினார். 2019 சீசனில் புரோ பௌலுக்கே தேர்வானார். நரம்பு வளர்ந்திருந்தது.

இந்தக் காயத்தைப் பார்த்த மற்ற பையன்கள் சும்மா இருப்பார்களா? அதே 2016 டிசம்பரில் லெனார்ட் ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி இரண்டு பேரும் கல்லூரியின் கடைசி பௌல் ஆட்டத்தை ஆட மாட்டோம் என்றார்கள். "சுயநலம்", "அணியை விட்டுட்டு ஓடுறான்" என்று என்னென்னவோ எழுதினார்கள். அதே டிசம்பர் 30 அன்று மிச்சிகனின் ஜேக் பட் தன் பௌல் ஆட்டத்தை ஆடினார். ஏசிஎல் கிழிந்தது. ஐந்தாம் சுற்றுக்கு இறங்கினார். ஃபோர்னெட் நான்காவது ஆளாகவும் மெக்காஃப்ரி எட்டாவது ஆளாகவும் போனார்கள். நான் அந்த இரண்டு பையன்கள் பக்கம்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2021க்குப் பிறகு விளம்பரப் பணம் வாங்கலாம், 2025லிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தருகின்றன. நல்லதுதான். கூடவே ஆகஸ்டு நம்பருக்கு ஏப்ரல் வரை காத்திருக்காமல் உடனே விலை வந்துவிடுகிறது. அழுத்தம் 21 வயதிலிருந்து 18க்கு இறங்கியிருக்கிறது.

என் பயிற்சிக் காலத்தில் வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்லணும். பெயர், கல்லூரி எதுவும் வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடிய ஆள் இல்லை. 20 வயது. பெரிய தேசியப் பட்டியல் இல்லை, அவர்கள் ஆடும் வட்டாரத்துக்கான ஆகஸ்டுப் பட்டியல் ஒன்றில் பெயர் வந்திருந்தது. பட்டியல் வந்து பத்து நாள் இருக்கும். பயிற்சியில் யாரும் மேலே விழவில்லை. ஓடிக்கொண்டிருந்தவன் காலை ஊன்றித் திரும்பினான். 'பொட்' என்று ஒரு சத்தம், அவனுக்கே கேட்டதாம். வலது முழங்கால். ஏசிஎல்.

அவனோடு அப்பா வந்திருந்தார். நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர். சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு காகிதம். அந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்திருந்தார். மகன் பெயருக்குக் கீழே பேனாவால் கோடு. என் சீனியர் எம்ஆர்ஐ படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்க, அவர் அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்து நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னிடம் மெதுவாக, "இதிலேர்ந்து இவன் பேரை எடுத்துடுவாங்களா?" என்றார்.

வலியைப் பற்றிக் கேட்கவில்லை. ஆபரேஷனைப் பற்றியும் கேட்கவில்லை.

பிறகு சதவீதம் கேட்டார். ஒளிக்காமல் சொன்னோம். 25 வயதுக்குக் கீழே ஏசிஎல் ஆபரேஷன் செய்துகொண்டு விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு மறுபடி கிழிகிறது, அதே காலிலோ அடுத்த காலிலோ. ஒன்பது மாதத்துக்கு முன்னால் திரும்பினால் ஆபத்து இன்னும் அதிகம். புதிதாக வைத்த ஜவ்வு வெறும் கயிறு மாதிரிதான் முதலில் இருக்கும், அதற்குள் ரத்தக்குழாய் வளர்ந்து உயிர் வர மாதக் கணக்கு ஆகும். வலி போய்விடும், வீக்கம் போய்விடும், பையன் "நான் ரெடி" என்பான். ஜவ்வு ரெடியாக இருக்காது. நாலில் ஒருவர் என்றதும் அப்பா அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பையன், "காரை எப்போ ஓட்டலாம்?" என்று கேட்டான். வலது கால் ஆச்சே, ஆறு வாரமாவது ஆகும் என்றேன். அதற்குத்தான் அவன் முகம் வாடியது.

அவன் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்து இரண்டு சீசன் ஆடினான். டிராஃப்ட்டில் யாரும் எடுக்கவில்லை. அடுத்த ஆகஸ்டுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை, ஏன் இல்லை என்று ஒரு வரியும் இல்லை.

பெயரை எடுக்காமல் வைத்திருந்தாலும் அது கருணை இல்லை. மார்கஸ் லாட்டிமோரைப் பாருங்க. தெற்குக் கரோலினாவின் ரன்னிங் பேக். முதல் வருடத்திலேயே 1,197 கெஜம், 17 டச்டவுன் ஓட்டம். 2011 அக்டோபரில் இடது முழங்கால் ஏசிஎல். அடுத்த ஆகஸ்டில் ஹைஸ்மன் எதிர்பார்ப்புப் பட்டியல்களில் மறுபடி அவர் பெயர், காயமே படாத மாதிரி. 2012 அக்டோபர் 27 அன்று டென்னஸி அணியோடு ஆட்டம். நேரடி மோதல். இந்த முறை வலது முழங்கால், மூட்டே கழன்று பல ஜவ்வுகள் கிழிந்தன. முதல் காயம்தான் இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், அந்த மோதலை எந்த முழங்காலும் தாங்கியிருக்காது. இரண்டு அணி வீரர்களும் மைதானத்துக்குள் வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். இரண்டு நாள் கழித்து அவருக்கு 21ஆவது பிறந்தநாள்.

அப்படி முழங்கால் கழன்றால் நாங்கள் முதலில் ஜவ்வைப் பார்ப்பதில்லை. குனிந்து பாதத்தில் நாடித் துடிப்பு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்போம். முழங்காலுக்குப் பின்னால் போகும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருந்தால் கேள்வி ஆட்டம் அல்ல, கால். லாட்டிமோருக்குக் கால் பிழைத்தது. சான் பிரான்சிஸ்கோ அணி நான்காம் சுற்றில் எடுத்தது. இரண்டு வருடம் முயன்றார். என்எஃப்எல்லில் ஒரு ஆட்டம் கூட ஆடாமல் 2014 நவம்பரில் ஓய்வு அறிவித்தார். 23 வயது.

உடம்பைப் பார்த்துப் போடுகிற பட்டியல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது நம் கண்ணுக்கு வராது. சீசன் முடிந்ததும் இண்டியானாபொலிஸில் முந்நூறுக்கு மேற்பட்ட பையன்களை வரவழைத்துச் சோதிப்பார்கள். டிவியில் 40 கெஜ ஓட்டத்தைக் காட்டுவார்கள். ஆனால் அந்த முகாம் தொடங்கப்பட்டதே மருத்துவப் பரிசோதனைக்காகத்தான். ஒவ்வொரு அணியின் டாக்டரும் அதே முழங்காலைத் தொட்டு, மடக்கி, இழுத்துப் பார்ப்பார். 2013இல் ஸ்டார் லோட்டுலேலே என்ற 140 கிலோ ஆளுக்கு அங்கே எடுத்த எக்கோவில் இதயத்தின் பம்ப் அளவு 44 சதவீதம் என்று வந்தது. 55க்கு மேல் இருக்க வேண்டியது. அதுவரை முதல் சில இடங்களில் இருந்தவர். கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப எடுத்தால் நார்மல். ஏதோ வைரஸ் காய்ச்சலின் மிச்சம். 14ஆவது ஆளாகப் போனார், வருடக்கணக்கில் ஆடவும் செய்தார். ஒரே ஒரு எக்கோவை வைத்து ஆளை எழுதித் தள்ளக்கூடாது என்று என் ஜூனியர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இவர்தான்.

இந்த ஆகஸ்டிலும் பட்டியல் வரும், நானும் படிப்பேன். பக்கத்தில் ஒரு பேப்பரில் பெயர், எந்தக் கால், ஆபரேஷன் ஆன மாதம் என்று நானாகவே குறித்துக்கொள்வேன். ஒன்பது மாதம் ஆகாதவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. வீட்டில் திட்டு விழும்.

இழை ரொம்ப நீண்டுபோச்சு. கமெண்டில் ரெண்டு பேர் மாடிப்படி இறங்கும்போது முழங்கால் மடங்குது என்று கேட்டிருந்தீங்க. ஸ்கேனோடு நேரில் யாராவது ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டுங்க. படத்தை எனக்கு அனுப்பினால் காலைத் தொட்டுப் பார்க்க முடியாது.